உன் வாயில் இருக்கும் சிர்கோனியா

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்ததை இரண்டே வரியில் முடித்துவிட்டு, பல்லுக்கு கேப் போட்ட கதையை ஒன்றரைப் பக்கம் புலம்பியிருக்கிறாய். "சிர்கோனியாவாம், அதற்கு இவ்வளவு விலையா?" என்று என்னைக் கேட்டால்? விலைக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் அந்தச் சனியனோடுதான், சிர்கோனியம் ஆக்சைடு என்ற அந்தப் பீங்கானோடுதான், முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினேன்.

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் சுத்தமான சிர்கோனியாத் தூளை வில்லையாக அழுத்தி 1500 டிகிரியில் சுட்டேன். மறுநாள் ஃபர்னஸைத் திறந்தால் உள்ளே வெறும் நொறுங்கல். என்ன தப்பு செய்தேன் என்று நாலு நாள் தூக்கமில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அதன் குணமே அது. ஆறும்போது சுமார் 1000 டிகிரிக்குக் கீழே அதன் படிக அமைப்பு மாறும். மாறும்போது 4 சதவீதத்துக்கு மேல் உப்பும். பீங்கானுக்கு ஏது நெகிழ்ச்சி? உடையத்தான் செய்யும்.

அந்தக் குணத்தையே வேலைக்கு வைத்தவர்கள் ஆஸ்திரேலியாவின் ரான் கார்வியும் அவருடைய சகாக்கள் இருவரும். 1975இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்த அவர்கள் கட்டுரையின் தலைப்பு 'செராமிக் ஸ்டீல்?', அதாவது 'பீங்கான் எஃகா?'. அந்தக் கேள்விக்குறி எனக்கு ரொம்பப் பிடிக்கும். உன் பல்லில் இருப்பதில் கொஞ்சம் யிட்ரியா (யிட்ரியம் ஆக்சைடு) சேர்த்து, அந்த உப்பலை அடக்கி வைத்திருக்கிறார்கள். விரிசல் ஒன்று நுழையப் பார்த்தால், அதன் முனையில் இருக்கும் துகள்கள் மட்டும் உப்பி அதை நெருக்கிவிடும். கூட்டமான பஸ்ஸில் ஒருவன் இடித்துக்கொண்டு நுழைந்தால் நாம் நெஞ்சை விரித்து நிற்போமே, அப்படி.

ஆனால் 2001ஐ மறக்க முடியாது. ஐரோப்பாவில் இடுப்பு மூட்டுக்கு வைத்த சிர்கோனியா உருண்டைகள் சில, நோயாளிகளின் உடலுக்குள்ளேயே உடைந்தன. தயாரித்தவர்கள் சுடுகிற ஃபர்னஸின் வகையை மாற்றியிருந்தார்கள். ஈரத்துக்கு அவை தாக்குப்பிடிக்காமல் போக அதுவே போதுமானதாக இருந்தது. ஈரம் பட்டுப் பட்டு மேற்பரப்புத் துகள்கள் ஒவ்வொன்றாகப் படிக அமைப்பு மாறி உப்பிவிடும் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். வலிமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நானும், ஈரத்தைக் கடைசிப் பத்தியில்தான் தள்ளி வைத்திருந்தேன். அதற்குப் பிறகு, ஈரத்தைத் தாங்குமா என்று 134 டிகிரி நீராவியில் மணிக்கணக்கில் வைத்துப் பார்க்காமல் எந்த மாதிரியையும் நான் நம்பியதில்லை. இப்போதெல்லாம் இடுப்புக்கு அலுமினா என்ற இன்னொரு பீங்கானில் சிர்கோனியாவைக் கொஞ்சமாகக் கலந்து வைக்கிறார்கள். நல்ல கூட்டணி.

சரி, நீ பயப்படாதே. முறுக்கைத் தாராளமாகக் கடி. டாக்டர் எப்போதாவது கேப்பை உரசிச் சரிசெய்தால் மட்டும், பாலிஷ் போடாமல் எழுந்து வராதே. சொரசொரப்பாக விட்டால் எதிரே இருக்கும் உன் சொந்தப் பல்லைத் தேய்த்துவிடும்.

பேரனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? அதை எழுதவே இல்லையே.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்