வடகிழக்கு மூலைக் கல்

பாளையங்கோட்டை
தை 12

அன்பு மகளுக்கு,

இங்கு நலம். அம்மாவின் கண் பரவாயில்லை, சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொள்கிறாள். மற்ற விவரங்களை அவளே சொல்வாள். நான் எழுத வந்தது தோட்டத்து விஷயம்.

பின்வாசல் கேட்டில் பூட்டுப் போட்டிருக்கிறாய் என்று சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லை. சரி, வேலை இருக்கும். பூட்டை மட்டும் முதலில் திற. காரணத்தைக் கீழே எழுதுகிறேன். திறந்துவிட்டுப் படித்தாலும் சரி.

பத்திரத்தை எடுத்துச் சொத்து விவரப் பக்கத்தைப் பார். நாலுமால், அதாவது நாலு பக்க எல்லை, சொல்லி முடித்த பிறகு ஒரு வரி வரும்: மேல்புறம் 4 அடி நடைபாதையும், கிணற்றில் நீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியமும் வடவீட்டாருக்கு உண்டு என்று. உனக்கு விற்றவருக்கு வந்த மூலப்பத்திரத்திலும் அதே வரி இருக்கிறது. ஆகவே வடவீட்டு ஆச்சி குடத்தோடு அந்த வழியாக வருவது உன் தயவில் அல்ல. அதை மறித்தால் தப்பு உன் பக்கம். நாளைக்கே அவர்கள் வழக்குப் போட்டால், பூட்டின் போட்டோ ஒன்று போதும் உனக்கு எதிராகத் தடையாணை வாங்க. மற்றதில் எல்லாம் நியாயம் உன் கையில் இருக்கும்போது இந்த ஒரு பூட்டால் அதைக் கெடுத்துக்கொள்ளாதே.

அங்கே மூன்று காரியம் நடக்கிறது, மூன்றும் ஒன்றல்ல. நீ எல்லாவற்றையும் ஒரே சண்டையாக ஆக்கிவிட்டாய். நடைபாதை அவர்கள் உரிமை. உன் தோட்டத்து மூலையில் அவர்கள் வைத்திருக்கும் வைக்கோல் படப்பு, அனுமதியில் இருப்பது. தொழுவுக்கு என்று ஆச்சியின் மகன் இறக்கிவைத்திருக்கும் செங்கல்தான் ஆபத்து. செங்கல் இறங்கிய அன்றே நீ போய்க் கேட்டாய் என்று சித்தி சொன்னாள். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷந்தான், மறைப்பானேன். நம் வீட்டில் வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கேட்ட விதம் பற்றியும் சொன்னாள். அந்த மனுஷி உனக்கு ஆச்சி வயசு.

செங்கல் ஏன் ஆபத்து என்று சொல்கிறேன். நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டு மாடு கட்டினால், அனுமதி கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லலாம். ஆனால் அந்த அனுமதியை நம்பிக் கைக்காசு செலவழித்து நிரந்தரமான கட்டுமானம் எழுப்பிவிட்டால், அனுமதியைத் திரும்ப எடுக்க முடியாது. 1882ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம், 60ஆம் பிரிவு. நீ பார்த்துக்கொண்டே சும்மா இருந்தாய் என்பதுதான் அவர்களுக்குச் சாட்சியாகும். அதனால் அஸ்திவாரக் குழி தோண்டுவதற்கு முன் உன் ஆட்சேபம் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். அரைப் பக்கம் போதும்: இன்ன சர்வே நம்பர், என் கிரயத்துக்குப் பாத்தியமான இடம், எல்லை அளந்து முடியும்வரை நிரந்தரக் கட்டடம் எதுவும் கட்ட எனக்குச் சம்மதமில்லை. ஒப்புகையோடு தபாலில் போடு, நகல் வைத்துக்கொள். வக்கீல் நோட்டீஸ் இப்போது வேண்டாம். அது போனால் ஆச்சி மகனும் ஒரு வக்கீலைப் பிடிப்பான், பிறகு பேச்சு நம் கையில் இராது.

செங்கல்லை நீ தொடாதே. ஆள் வைத்து அப்புறப்படுத்தாதே, படப்பைப் பிரித்துப் போடாதே. நீண்டநாள் அனுபவத்தில் இருக்கிறவரைச் சட்டப்படி அல்லாமல் வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அவர் திரும்ப உள்ளே வரலாம். அந்த வழக்கில் நிலம் யாருடையது என்றே கோர்ட் பார்க்காது. போலீஸுக்குப் போனாலும் ரசீது ஒன்று கொடுத்து, சிவில் விஷயம், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள்.

பன்னிரண்டு வருஷம் ஆண்டுவிட்டோம், இடம் எங்களுடையதுதான் என்று ஆச்சி மகன் சொன்னானாம். பன்னிரண்டு வருஷக் கணக்கு இருப்பது உண்மை, 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தில். ஆனால் வருஷத்தை எண்ணினால் மட்டும் போதாது. நிலத்துக்காரனுக்கு எதிராக, அவன் அறிய, இது என் இடம் என்று சொல்லி ஆண்டிருக்க வேண்டும். கேட்டு வாங்கி வைத்த படப்பு ஐம்பது வருஷம் நின்றாலும் அனுமதிதான். வழிப் பாத்தியத்துக்கு 20 வருஷம் என்பதும் அப்படியே, கேளாமல் உரிமையாக நடந்திருக்க வேண்டும். ஆகவே உன் வழக்கு நிற்பதும் விழுவதும் ‘கேட்டுத்தான் வைத்தோம்’ என்ற ஒரு சொல்லில். அதை ஆச்சி வாயால் வாங்க வேண்டும். பூட்டுப் போட்டால் அந்த வாய் திறக்குமா?

இனி அளவு. உனக்கு வீடு நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு மனை; தோட்டம் புஞ்சை. இரண்டும் வேறு நம்பர், வேறு பட்டா. தோட்டத்துப் பட்டாவில் 0-04.50 என்று இருப்பது 4.5 ஏர், அதாவது 450 சதுர மீட்டர், 11.12 சென்ட். பத்திரம் 11 சென்ட் என்கிறது. ஒரு சென்டுக்கு 435.6 சதுர அடி, ஆகவே வித்தியாசம் ஐம்பது சதுர அடிக்குப் பக்கம். அதைப் பிடித்துத் தொங்காதே. அளவும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லைதான் நிற்கும். படப்பு நிற்கிற இடம் 20 அடிக்கு 12 அடி இருக்கும், 240 சதுர அடி, அரைச் சென்டுக்குக் கொஞ்சம் மேலே. இதற்குத்தான் இத்தனை கூச்சல்.

எஃப்.எம்.பி., அதாவது புல வரைபடம், அதன் நகலை இ-சேவையில் எடுத்து வை. எஃப் லைன், அதாவது புல எல்லைக் கோடு, அளக்க மனுப் போடு, கட்டணத்தைக் கட்டு. பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு நோட்டீஸ் போன பிறகுதான் சர்வேயர் வந்து அளப்பார். நோட்டீஸ் போகாமல் யாரோ வந்து சங்கிலி பிடித்துக் கல் நட்டுவிட்டுப் போனால் அந்தக் கல்லுக்கு மதிப்புக் கிடையாது. பட்டா பல பேர் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இல்லை என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள். உட்பிரிவு ஆகாத நம்பரில் உன் பங்கு எது என்று படத்தில் கோடே இராது. அப்படியானால் முதலில் உட்பிரிவு, பிறகுதான் அளவு.

சர்வேயர் வருமுன் நீயாக அளந்து பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் சுவரிலிருந்தோ வேலியிலிருந்தோ தொடங்காதே. வேலி ஆண்டுக்கு ஆண்டு நகரும். மூன்று புலம் கூடும் மூலையில் பழைய சர்வே கல் இருக்கும், மண் மூடியிருந்தால் கடப்பாரையால் மெல்லத் தட்டிப் பார். அங்கிருந்து பிடி. துணி டேப் இழுக்க இழுக்க நீளும், இரும்பு டேப் வேண்டும். தரை சரிந்த இடத்தில் டேப்பைத் தரையோடு பிடிக்கக் கூடாது, மட்டமாகப் பிடித்துக் குண்டு நூலால் புள்ளியை இறக்க வேண்டும். கிணற்று மேட்டில் இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள்.

நாலு பக்கம் சரியாக வந்துவிட்டால் இடம் சரி என்று நினைக்காதே. கால் ஆடுகிற கட்டில் சட்டத்தைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, நாலு சட்டமும் அதே நீளந்தான், ஆனாலும் கோணிக்கொள்ளும். குறுக்களவு பிடித்தால்தான் மூலை நிற்கும். உன் தோட்டம் படத்தில் கீழ்மேல் 24.6 மீட்டர், தென்வடல் 18.3. மூலை மட்டமாக இருந்தால் குறுக்கு 30.66 வர வேண்டும். முப்பது மீட்டர் டேப் அறுபத்தாறு சென்டிமீட்டர் பற்றாது. மிச்சத்தைக் கண்ணால் மதித்துச் சேர்த்துவிடுவார்கள், அங்கேதான் ஒரு முழம் போகும். ஐம்பது மீட்டர் டேப் என்னிடம் இருக்கிறது.

இந்தக் குறுக்கு போய் முடிகிற இடம் வடகிழக்கு மூலை. படப்புக்கு அடியில்.

ஆவணியில் பத்திரம் முடிக்குமுன் நீ கேட்டாய், பின்னாடியும் அளந்தாச்சா அப்பா என்று. அளந்தாச்சு என்றேன். அளக்கவில்லை. மூன்று கல்லைப் பார்த்தேன். நாலாவது மூலையில் படப்பு ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. எடுக்கச் சொல்லிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆச்சி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இது இப்படியே இருந்துட்டுப் போகட்டுமா ஐயா என்று கேட்டாள். இருக்கட்டும், பிள்ளை கேட்கும்போது எடுத்தால் போதும் என்றேன். யார் இடத்துக்கு யார் வாக்குக் கொடுப்பது? உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஊரார் நிலமெல்லாம் சங்கிலி பிடித்து அளந்தவன் சொந்த மகள் வாங்கிய இடத்தில் ஒரு மூலையை விட்டான் என்று எப்படிச் சொல்ல? ஆச்சி உன்னிடம், உங்க அப்பாதான் சொன்னாவ என்றாளாம். நீ அவளைப் பொய்க்காரி என்றாயாம். அவள் சொன்னது பொய்யல்ல.

இதை நான் நேரில் வந்து அவள் முன்னாலேயே சொல்கிறேன். உனக்கும் அதுதான் நல்லது. நான் கொடுத்த வாக்கை அவளே ஒத்துக்கொண்டால் அனுபவ பாத்தியம் பேச ஆளில்லை. வெள்ளைத் தாளில் எழுதிக்கொள்ளலாம்: வடகிழக்கு மூலையில் 20க்கு 12 அடியில் வைக்கோல் படப்பு மட்டும் நிலத்துக்காரர் அனுமதியின் பேரில் வைத்துக்கொள்கிறேன், கேட்ட இரண்டு மாதத்தில் எடுத்துவிடுகிறேன், எந்தப் பாத்தியமும் கோர மாட்டேன். ஆச்சி இடது பெருவிரல் ரேகை வைப்பாள், வாசித்துக் காட்டினோம் என்று எழுதி இரண்டு சாட்சி. மகனும் கையெழுத்துப் போட வேண்டும், முக்கியமாக அவன்தான். குத்தகை, வாரம் (விளைச்சலில் பங்கு) என்ற சொல் எங்கும் வரக் கூடாது. அவர்கள் ஓரத்தில் கத்தரி போட்டு உனக்கு ஒரு பங்கு கொடுத்தால் வாங்காதே. சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் என்று 1955இலிருந்து ஒன்று இருக்கிறது, பங்கு வாங்கிப் பழகினால் பிறகு எளிதில் கிளப்ப முடியாது. தினம் வாங்குகிற பாலுக்கும் மாதம் பிறந்ததும் காசு கொடுத்துவிடு, சும்மா வாங்காதே.

காலமும் இதுதான். போன வருஷத்துப் பிசான வைக்கோல், இப்போது படப்பு இடுப்பளவுக்கு இறங்கியிருக்கும். மாசி, பங்குனியில் அறுப்பு முடிந்து புது வைக்கோல் ஏறிவிட்டால் இன்னும் ஒரு வருஷத்துக்கு அந்தக் கல்லைப் பார்க்க முடியாது.

அளந்து முடிந்ததும் உடனே சுவர் எழுப்ப நினைப்பாய், உன் குணம் தெரியும். எழுப்பினால் அஸ்திவாரத்தின் வெளி விளிம்பு உன் எல்லைக்குள் நிற்க வேண்டும். சுவர் ஒன்பது அங்குலம் என்றால் அடியில் ஒன்றரை இரண்டு அடி அகலம் போகும், அதை மறந்துவிட்டுச் சுவரைக் கோட்டில் நிறுத்துகிறவர்கள்தான் பாதிப் பேர். மழைத் தண்ணீர் வடக்கேயிருந்து உன் பக்கம்தான் இறங்குகிறது. தண்ணீர் போகக் கண் விடாமல் அடைத்தால் ஐப்பசி மழையில் ஆச்சி வீட்டு முற்றம் குளமாகும், அதற்கு ஒரு வழக்கு வரும். என்னைக் கேட்டால் இந்த வருஷம் கல்தூணும் கம்பியும் போதும். தென்னை வைப்பதானால் எல்லையிலிருந்து 12 அடி உள்ளே வை, மரத்துக்கு மரம் 25 அடி.

பத்திரம் உன் ஒருத்தி பேரில் இருப்பதும் ஒருவகையில் நல்லதாயிற்று, மனுவில் கையெழுத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை. ராத்திரியில் புறவாசல் விளக்கை எரியவிடு. பக்கத்து வீட்டோடு பேச்சு இருந்தால்தான் ஆபத்துக்கு ஒரு குரல் கேட்கும், அந்த வீட்டில் நீ ஒருத்தியாக இருக்கிறாய். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை செங்கோட்டை வண்டியில் வந்து கல்லிடைக்குறிச்சியில் இறங்குவேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். டேப்பும் குண்டு நூலும் நான் கொண்டுவருவேன். நீ முளைக்குச்சி பத்து, சுண்ணாம்பு ஒரு கிலோ, கடப்பாரை ஒன்று எடுத்து வை. டேப்பின் ஒரு நுனியை நீதான் பிடிக்க வேண்டும், எனக்கு இப்போது குனிய முடியவில்லை. பூட்டை அதற்கு முன்னாலேயே திறந்துவிடு. நான் வந்துதான் திறந்தேன் என்று இருக்க வேண்டாம்.

அப்பா