எந்த மரம் என்று சொல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் கவிதையும் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலியோடு அலைந்ததில் பதில் எழுதுவது தள்ளிப்போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதே. இப்போது மாடிப்படி ஏற முடிகிறது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்ற வரியை இரண்டு முறை படித்தேன்.

சரி, கவிதைக்கு வருகிறேன். 'மரங்கள் அழுகின்றன' என்று தொடங்குகிறாய். எந்த மரம்? கவிதை முழுக்கத் தேடினேன், ஒரு பெயர்கூட இல்லை. உன் வேதனை நிஜம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பெயர் தெரியாத மரத்துக்காக மனம் இளகவில்லை.

படித்த கையோடு சங்கப் பாடலான நற்றிணை 172-ஐ எடுத்தேன். விளையாட்டாக வெண்மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன புன்னை விதை முளைத்துவிடுகிறது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். அந்தப் புன்னையைப் பற்றி 'நும்மினும் சிறந்தது நுவ்வை ஆகும்' என்கிறாள் அம்மா. உங்களைவிடச் சிறந்தவள், இவள் உங்கள் தங்கை! அந்தத் தங்கை முன்னால் உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது, நிழல் வேறு இடத்திலும் உண்டே என்று தலைவனிடம் சொல்கிறாள் தோழி. மரத்தைக் காப்போம் என்று ஒரு சொல் அதில் கிடையாது. ஆனால் அதைப் படித்தவன் புன்னைமேல் கோடரி வைக்கத் தயங்குவான்.

அப்புறம் அகநானூறு 4. கார்காலத்தில் தலைவன் வீடு திரும்புகிறான். பூத்த சோலையில் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் மிரண்டுவிடக் கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். குறுங்குடி மருதனார் இதை இரண்டு மூன்று வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார். தன் துணையிடம் போகும் ஏக்கத்தில் இருப்பவனுக்குத்தான் வண்டின் துணையும் கண்ணில் படும் என்று எனக்குத் தோன்றுகிறது.

போன வருடம் நீ எழுதிய கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் வாசல் பூவரசைச் சாலைக்காக வெட்டிய அன்று எழுதியது. காலையில் மஞ்சளாகப் பூத்தது, வெட்டிக் கிடந்த கிளையிலேயே சாயங்காலம் சிவந்து வாடியது என்று எழுதியிருந்தாய். ஓர் அணில் மதில்மேல் அங்குமிங்கும் ஓடி, மரம் நின்ற இடத்துக்கு நேராக வந்து வந்து நின்றதையும் எழுதியிருந்தாய். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. புதுக் கவிதையில் அந்தப் பூவும் இல்லை, அணிலும் இல்லை.

திருத்தி அனுப்பு, காத்திருக்கிறேன். அந்த அணில் மறுநாளும் வந்ததா?

அன்புடன்,
உன் பழைய நண்பன்