விட்டு வந்த பின்னும் விடாத ஒரு சொல்

மதுரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதங்களை விட்டு வெளியேறியவர்கள் இனியும் சிதறிக் கிடக்காமல் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு புதிய மார்க்கத்தைத் தொடங்க வேண்டும் என்றும், பழைய மதங்கள் எல்லாவற்றையும்விட அது அறிவிலும் அறத்திலும் உயர்ந்ததாக இருக்கும் என்றும் சென்ற வாரம் தங்கள் வாசகர் பகுதியில் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். முதல் பாதியில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. புதிய மார்க்கம் காண்பது இந்த மண்ணுக்குப் பழகிய காரியந்தான். இரண்டாம் பாதியில் வரும் அந்த 'உயர்ந்தது' என்ற சொல்தான் என்னை எழுத உட்கார்த்தியது. அந்தச் சொல்லோடு நான் இரண்டு முறை குடித்தனம் நடத்தியவன்.

சோழவந்தான் பக்கத்துச் சைவக் குடும்பம் எங்களுடையது. நான் பள்ளியில் படிக்கும்போதே மதுரைக்குக் குடிவந்துவிட்டோம். மாலையில் விளக்கேற்றியதும் ஒரு தேவாரமாவது பாடாமல் அப்பா எழுந்திருக்க மாட்டார். கல்லூரி முடித்த கையோடு, 1979இல், நண்பர் ஒருவர் அழைத்துப் போன ஜெபக்கூட்டத்தில் என் மனம் ஒட்டிக்கொண்டது. பதினைந்து ஆண்டுகள் அந்தச் சபையில் விசுவாசியாக இருந்தேன். அங்கே கிடைத்த அன்பு பொய்யன்று. வேலையில்லாமல் திரிந்த இரண்டு ஆண்டுகள் என் வயிறு காயாமல் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள்தாம். ஆனால், அந்தச் சோற்றோடு சேர்த்து ஒரு பிரிவினையும் உள்ளே இறங்கியது. நாங்கள் இரட்சிக்கப்பட்டவர்கள்; மற்றவர்கள் உலகத்தார். என்னைப் பெற்றவரும் உலகத்தாரில் ஒருவராகிப் போனார்.

1988இல் அவர் இறந்தபோது, மூத்த மகனாகிய நான் கொள்ளி வைக்க மறுத்துவிட்டேன். ஈர வேட்டியோடு தம்பி கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு தத்தனேரி மயானத்துக்குள் போனான். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றிருந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. சித்தப்பா மட்டும் போகிற போக்கில், "வெயில்ல நிக்காதப்பா, அந்த மரத்தடிக்குப் போ" என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு ஏற்பட்ட உணர்ச்சி நன்றியன்று, இரக்கம். இருளில் கிடக்கும் மனிதர் என்ற இரக்கம்.

1994இல் சபையை விட்டும் விலகினேன். விசுவாசத்திலிருந்து பின்வாங்கியவன் என்ற பொருளில், பின்மாற்றக்காரன் என்ற பெயர் கிடைத்தது. விலகிய காரணங்கள் நீளமானவை. இந்தக் கடிதத்துக்கு வேண்டாதவை. நம்பிக்கை போனதோடு அந்த உயர்வு மனப்பான்மையும் போயிருக்க வேண்டுமல்லவா? போகவில்லை. உலகத்தாரைப் பார்த்து 'இருளில் கிடக்கிறார்கள்' என்று இரங்கிய அதே நாக்கு, இப்போது விசுவாசிகளைப் பார்த்து 'மயக்கத்தில் கிடக்கிறார்கள்' என்று இரங்கத் தொடங்கியது. எழுவாய் மாறியதே தவிரப் பயனிலை மாறவில்லை. தமிழாசிரியனாக இருந்தவனுக்கு இது உடனே பிடிபட்டிருக்க வேண்டும், மூன்று ஆண்டுகள் ஆயிற்று.

பிடிபட்ட இடம் செல்லூரில் ஒரு தறிவீட்டு மாடி. 1997இல் நாங்கள் எட்டுப் பேர் ஞாயிறுதோறும் அங்கே கூடினோம். சைவத்தை விட்டவர், சபையை விட்டவர், ஜமாஅத்தோடு உறவு அறுந்தவர் என்று பல திசைகளிலிருந்து வந்தவர்கள். அந்த அன்பர் எழுதியதைப் போலவே ஒரு புதிய நெறி காண்பதுதான் எங்கள் நோக்கமும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் விதிகளை எழுதினோம். முதல் விதி, மனிதர் யாவரும் சமம். இரண்டாவது, எந்த நூலும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. மூன்றாவது விதியை எழுதத்தான் மூன்று ஞாயிறுகள் ஆயின: திருநீறு, நாமம், சிலுவை, தொப்பி முதலிய மதச் சின்னங்களுடன் வருவோர்க்கு அவையில் இடமில்லை. அதைப் படித்து ஒப்புதல் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டுக்காரரின் தாயார் நெற்றி நிறையத் திருநீற்றுடன் டீத் தம்ளர்களை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். முழங்கால் வலிக்காரர் என்பதால் வழக்கம்போல் மூச்சு வாங்க ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். எங்களில் ஒருவர், மெய்யாகவே விதியைக் கருதித்தான், "அம்மா இங்கே உட்காரலாமா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அந்த அம்மாள் காலித் தம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கிக்கொண்டு, "ஏன்ப்பா, நான் பெத்த புள்ள வீட்டுல நான் உக்காருறதுக்கு நோட்டுல எழுதி வச்சுருக்கா?" என்று சிரித்தபடியே இறங்கிப் போனார். அதன்பின் இரண்டு ஞாயிறுகள் கூடினோம். கூட்டம் தானாக நின்றுபோயிற்று.

விலகி வந்தவரின் நாக்கு ஏன் இவ்வளவு கடுமையாகிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே பழைய சான்று உண்டு. அந்த அன்பர், அப்பர் பெருமானைப் பிறவிச் சமணர் என்று குறிப்பிட்டிருந்தார், அது சரியன்று. திருவாமூரில் சைவ வேளாளர் குடியில் மருள்நீக்கியாராகப் பிறந்து, சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு பெருமை பெற்று, சூலை நோய்க்குப் பின் தமக்கையார் திலகவதியாரின் துணையால் சைவத்துக்குத் திரும்பியவர் என்பதே பெரியபுராணம் தரும் வரலாறு. அதாவது, அவர் ஒரு முன்னாள் சமணர். அவருடைய தேவாரத்தில் குலத்தையும் கோத்திரத்தையும் கேள்வி கேட்கும் பாடலும் இருக்கிறது; தலைமயிர் பறிப்பதையும் ஆடையின்றித் திரிவதையும் சொல்லிப் பழைய தோழர்களை எள்ளும் பாடல்களும் இருக்கின்றன. அப்பா பாடக் கேட்ட வயதில் பின்னவற்றை நான் கவனித்ததே இல்லை. நானே ஒன்றை விட்டு வந்த பிறகு படித்தபோதுதான், அந்தக் குரல் எனக்கு மிகவும் தெரிந்த குரலாக இருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவேடகம் எதற்குப் பெயர் பெற்றது என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சமணரோடு நடந்த வாதில் சம்பந்தர் இட்ட ஏடு வைகையில் எதிரேறிப் போய் நின்ற தலம். அந்த வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர் என்கிறது மரபு. அது உண்மையில் நடந்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்தவர்கள் அல்லர். ஆனால், வென்றவர்கள் அதைத் தங்கள் பெருமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார்கள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எனக்கு அந்த இரண்டாவது செய்தியே போதும். தோற்ற தரப்பு இன்று கீழக்குயில்குடிச் சமணர் மலையில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. அங்கே செட்டிப்புடவு என்னும் குகையில் இருக்கும் பெரிய தீர்த்தங்கரர் (சமணர் வணங்கும் அருகர்) உருவத்தைச் செட்டியார் என்று ஊரார் சொல்லி வந்ததால்தான் அந்தக் குகைக்கே அப்படிப் பெயர் என்பார்கள்.

புதிய மார்க்கம் கண்டவர்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்பவர் வள்ளலார். 1865இல் சன்மார்க்க சங்கம், 1867இல் பசித்தவர்க்குச் சோறிடும் வடலூர்த் தருமச்சாலை, 1872இல் சத்திய ஞானசபை என்று படிப்படியாகக் கட்டியவர். 1873இல் மேட்டுக்குப்பத்தில் அவர் ஆற்றிய பேருரையில், சைவத்தின்மேல் தமக்கு முன்பிருந்த பற்று இவ்வளவென்று அளவிட முடியாதது என்றும், தாம் பாடிய பழைய பாடல்களே அதற்குச் சாட்சி என்றும், அன்றைக்குத் தமக்கு இருந்தது சிற்றறிவே என்றும் சொன்னார். சமயங்களையும் சாத்திரங்களையும் கைவிடச் சொன்னதில் அவர் எந்தத் தயக்கமும் காட்டவில்லை. மென்மையானவர் என்று அவரை நான் வேடம் கட்ட விரும்பவில்லை. ஆயினும், அறியாமையை அவர் முதலில் ஏற்றியது தம் தலையில். செல்லூர் மாடியில் எட்டுப் பேர் பேசிய பேச்சில் ஒருவர்கூட அப்படித் தொடங்கியதாக எனக்கு நினைவில்லை. வடலூரில் அவர் மூட்டிய அடுப்பின் முன் வந்து நிற்பவர்களிடம் நெற்றியில் என்ன இருக்கிறது என்று இன்றும் யாரும் கேட்பதில்லை, பசிதான் சீட்டு.

புதிய சபை பிறப்பதற்குப் பழைய சபையின் மேட்டிமையே காரணமாவதும் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் கிறித்தவராக இருந்த அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை 1857இல் மிஷனை விட்டுப் பிரிந்து பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கொண்டார். ஐரோப்பிய மிஷனரிகளின் அதிகாரமும், நாடார் மக்களைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் தாழ்வாக எழுதிய நூலும் அந்தப் பிரிவின் பின்னணியில் இருந்தன. அக்பர் 1582 வாக்கில் கண்ட தீனே இலாஹி என்னும் புதிய மார்க்கத்தை இதற்கு எதிர்ப்புறத்தில் வைக்கலாம். அரசரே தொடங்கியும் சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவர்கள். அவரோடு அதுவும் முடிந்தது.

என் அளவுகோலை எல்லாருக்கும் நீட்ட முடியாது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். நான் விட்டது கருத்து வேறுபாட்டால். மிதிபட்டு வெளியேறியவர்களின் கணக்கு வேறு. அயோத்திதாசர் 1898இல் கொழும்பு சென்று பௌத்தம் ஏற்றபோதும், தம் மக்களைப் பூர்வ பௌத்தர் என்று அழைத்தபோதும் அவர் கோரியது யாருக்கும் மேலான இடமன்று, பறிபோன இடம். இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் 1935இல் இயோலாவில் அறிவித்தார். நாகபுரியில் பௌத்த தீட்சை பெற்றது 1956 அக்டோபர் 14இல். இடையில் இருபத்தோரு ஆண்டுகள். அன்று அவர் ஏற்ற இருபத்திரண்டு உறுதிமொழிகளில் பழைய தெய்வங்களை மறுக்கும் வரிகள் கடுமையானவைதாம். கோயில் வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டவரின் கடுமையையும், உள்ளே வசதியாக உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்த என் போன்றவனின் கடுமையையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் முதன்முதலாகக் காலடி வைத்ததே 1939 ஜூலை 8இல்தான்.

அந்த அன்பர் ஒரு கணக்கும் தந்திருந்தார். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதவர்கள் ஏறத்தாழ 28.7 லட்சம் பேர். இவர்களைத் திரட்டினாலே ஒரு பெரிய சமயம் ஆகிவிடும் என்பது அவர் எண்ணம். எண் சரியானதே, நாட்டின் மக்கள் தொகையில் 0.24 விழுக்காடு. ஆனால் 'மதம் குறிப்பிடவில்லை' என்ற கட்டத்துக்குள் நாத்திகர் இருப்பார், சொல்ல விருப்பமில்லாதவர் இருப்பார், கணக்கெடுப்பாளர் கேட்காமலே விட்ட வீடும் இருக்கும். அவர்கள் யாரும் மேய்ப்பனைத் தேடிக்கொண்டிருக்கும் மந்தையல்லர். மேய்ப்பன், மந்தை என்ற பேச்சே நாம் விட்டு வந்த இடத்துப் பேச்சு என்பதை அன்பருக்குப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

அவர் தொடங்கட்டும். தொடங்குமுன், வர மறுக்கும் மனைவியை, கோயிலுக்குப் போகும் தாயை, சேர்ந்து சில காலத்தில் விட்டுப் போகப் போகும் நண்பரை அந்த மார்க்கம் என்ன பெயர் சொல்லி அழைக்கும் என்பதை முதல் விதியாக எழுதிவிடட்டும் என்பதுதான் என் வேண்டுகோள். எங்கள் எட்டுப் பேரின் நோட்டு இன்னும் என்னிடந்தான் இருக்கிறது. பதின்மூன்று பக்கங்கள்தாம் எழுதினோம். அன்பருக்கு வேண்டுமானால் தங்கள் அலுவலகத்தின் வழியாகவே அனுப்பித் தருகிறேன். மீதி இருபத்தேழு பக்கமும் வெற்றுத்தாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
மதுரை.