குழி தோண்டும் முன் வேகத்தைச் சரிபாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதைவடம் (மண்ணில் புதைத்த கேபிள்) பழுதானால், கருவி வைத்துப் பார்த்த பிறகும் சாலையில் இரண்டு மூன்று குழி விழுவது ஏன் என்று பலரும் கேட்கிறார்கள். பல நேரங்களில் கருவி சரியாகத்தான் இருக்கும். அதில் போட்ட ஓர் எண் தவறியிருக்கும்.

பழுது எவ்வளவு தூரத்தில் என்று பார்க்க உதவும் டிடிஆர் கருவிக்குத் (எதிரொலி நேரத்தை அளக்கும் கருவி) தூரம் தெரியாது, நேரம்தான் தெரியும். கேபிளில் ஒரு துடிப்பை அனுப்பி, எதிரொலி எத்தனை மைக்ரோ விநாடியில் திரும்புகிறது என்று பார்க்கிறது. போய்வரும் நேரமாதலால் பாதியாக்கி, வேகத்தால் பெருக்கினால் தூரம். வேகத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். எக்ஸ்எல்பிஇ என்ற பிளாஸ்டிக் காப்புள்ள மின்கேபிளில் மைக்ரோ விநாடிக்கு ஏறத்தாழ 160 மீட்டர். திட பாலிஎத்திலீன் காப்புள்ள கோஆக்சியல் கேபிளில் (சிக்னல் கொண்டுசெல்வது) 198. எதிரொலி 5 மைக்ரோ விநாடியில் வந்தால் முன்னதில் பழுது 400 மீட்டரில். முந்தைய வேலைக்குப் போட்ட 198ஐ மாற்ற மறந்தால் 495 காட்டும். குழி 95 மீட்டர் தள்ளி விழும்!

எனவே இரு முனைகளிலும் இணைப்பைப் பிரித்து, எர்த் செய்து, தேங்கிய மின்னேற்றத்தை வெளியேற்றுங்கள். பிறகு சோதிக்கும் ஃபேஸின் எர்த்தை மட்டும் எடுத்துவிட்டு, பழுதில்லாத ஃபேஸை (கேபிளின் மின்கம்பிகளில் ஒன்று) முதலில் பாருங்கள். மறுமுனை எதிரொலி, பதிவேட்டிலுள்ள கேபிள் நீளத்தில் வந்து நிற்கும்வரை வேகத்தைத் திருத்துங்கள். அடுத்துப் பழுதான ஃபேஸ். திரையில் இரண்டு ஃபேஸின் எதிரொலிக் கோடுகளும் எங்கே பிரிகின்றனவோ அங்கே பழுது: அறுந்திருந்தால் கோடு மேலே எழும், ஷார்ட் என்றால் கீழே இறங்கும். ஜாயின்ட்டும் (கேபிள் துண்டுகளை இணைத்த இடம்) சிறு மேடு பள்ளம் காட்டும். ஆனால் அது பெரும்பாலும் நல்ல ஃபேஸிலும் இருக்கும்.

ஏமாற்றுவது அதிக மின்தடைப் பழுதுதான். 30 ஓம் இம்பிடன்ஸ் (துடிப்புக்குக் கேபிள் காட்டும் எதிர்ப்பு) உள்ள கேபிளில் 300 ஓம் பழுது, துடிப்பில் 5 சதவீதத்தையே திருப்பும். கிலோ ஓம் பழுது கோட்டில் தெரியவே தெரியாது. அப்போது சர்ஜ் ஜெனரேட்டரால் (உயர் மின்னழுத்த அடி கொடுக்கும் கருவி) பழுதில் ஆர்க் என்ற மின்பொறியை எழுப்பி, அது அணைவதற்குள் துடிப்பை அனுப்ப வேண்டும்; பொறி இருக்கும்வரை பழுது ஷார்ட் போலத் தெரியும்.

கிடைப்பதும் கேபிளின் நீளமே, சாலையின் நீளமன்று. ஜாயின்ட் அருகே உபரியாகச் சுற்றி விட்ட கேபிளும் கணக்கில் சேரும். அதனால் கருவி காட்டிய இடத்தை ஒட்டி, சர்ஜ் விழும் ஒலியைத் தரை மைக்கில் கேட்ட பிறகே கடப்பாரையை எடுக்க வேண்டும்.

புதிதாகப் புதைப்பவர்கள் மொத்த நீளம், ஜாயின்ட் இருக்கும் இடங்கள், புதைத்த அன்றே எடுத்த டிடிஆர் கோடு மூன்றையும் பதிவேட்டில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மின்பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.