தூளிக்கு அடியில்

கோத்தகிரி,
நவம்பர் 8

அன்புள்ள கண்ணு,

தீபாவளிக்கு மறுநாள், கேம்ப்பில் நீ படுக்கத் தூளி கட்டியிருந்த போட்டோ வந்தது. கூடவே, "முதுகு விறைச்சுப் போச்சுப்பா, ஒரு அண்டர்குவில்ட் வாங்கணும்" என்று ஒரு வரி. அதற்கப்புறம் உன்னிடமிருந்து சத்தமே இல்லை. சரி, வேலை இருக்கும். நானும் சும்மா இருக்கவில்லை. கீழ்வீட்டுப் பையனைப் பிடித்து வீடியோக்களைப் போடச் சொல்லி, தூளிக்கு அடியில் கட்டும் அந்த மெத்தைச் சமாசாரத்தைப் படித்துவிட்டேன். முப்பத்தொரு வருஷம் தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பார்த்தவனுக்குக் காற்றும் சூடும் புரியாதா?

ஸ்லீப்பிங் பேக் நல்லதுதான் என்பாய். ஆனால் நீ படுத்ததும் உன் எடையில் அதன் அடிப்பக்கம் நசுங்கிவிடுகிறது. இறகோ பஞ்சோ தானாகச் சூடு தராது. அதற்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. நசுங்கினால் அந்தக் காற்று போச்சு. போதாததற்கு, தொங்கும் படுக்கைக்கு அடியில் குளிர்காற்று வேறு ஓடுகிறது. அதனால்தான் தூளிக்கு வெளியே, அடியில் இன்னொரு தூளி மாதிரி அந்த மெத்தையைக் கட்டுகிறார்கள். உன் எடை அதன் மேல் விழாது, உப்பலாகவே இருக்கும்.

முக்கால் நீளத்தில் ஒன்று விற்கிறார்கள். தோளிலிருந்து முழங்கால் வரைக்கும்தான் வரும், காலுக்குத் தனியாக ஏதாவது வைத்துக்கொள்ள வேண்டும். எடை குறைவு என்று அதை வாங்கிவிடாதே. உன் பாதம் சித்திரையிலேயே ஐஸ் மாதிரி இருக்கும். முழு நீளமே வாங்கு.

அப்புறம் டிகிரி, அதாவது எவ்வளவு குளிர் வரைக்கும் அது தாங்கும் என்ற கணக்கு. 40 என்று போட்டிருந்தால் அது உங்கள் ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 4 டிகிரிதான். 20 என்றால் மைனஸ் 7. 20 போட்டதையே வாங்கு. ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ இரண்டு டிகிரி செல்சியஸ் குறையும். அங்கே அமெரிக்காவில் நீ போகும் ஸ்மோக்கி மலையில் குவோகி உச்சி 6,643 அடி. கீழே நாக்ஸ்வில் ஊரில் ஸ்வெட்டர் போதும் என்று கிளம்பினால் மேலே தண்ணீர் உறைந்து கிடக்கும். நம் தொட்டபெட்டா அதைவிட இரண்டாயிரம் அடி உயரம் என்று உன் அண்ணனிடம் பெருமை அடித்தேன். அங்கே விழுகிற பனி இங்கே விழாது என்றான். அவன் எப்போதும் அப்படித்தான்.

வாத்திறகு வைத்தது லேசு, சின்னதாகச் சுருட்டலாம். ஆனால் நனைந்தால் கட்டி தட்டிப் போகும். அந்த மலை உச்சியில் வருஷத்துக்கு 85 அங்குலம் மழையாம். அண்டர்குவில்ட் வெளிப்பக்கம் தொங்குவதால் சாரலும் மூடுபனியும் முதலில் அதைத்தான் தொடும். என்னைக் கேட்டால் சிந்தெடிக்கே போதும். கொஞ்சம் கனம், விலையும் குறைவு, ஈரமானாலும் ஓரளவு சூடு நிற்கும். கனம் உனக்கு ஒரு விஷயமா? ஆறு வயதில் பேரகணியிலிருந்து உன் பையையும் அத்தை பையையும் சேர்த்துத் தூக்கி வந்தவள் நீ. இறகுதான் வேண்டும் என்றால் மேலே கட்டும் தார்ப்பாயை அகலமாக வாங்கு. நனைய விடாதே.

முக்கியமானது கட்டுகிற விதம். தூளித் துணியை அது ஒட்டியும் ஒட்டாமலும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். எலாஸ்டிக் கயிற்றை ரொம்ப இழுத்தால் உப்பல் போய்விடும், தளர விட்டால் நடுவில் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் காற்று புகுந்தால் எத்தனை டாலர் கொடுத்து வாங்கியும் வீண். நீ ஏறிப் படுத்த பிறகு இன்னொருவர் வெளியே நின்று அடியில் கையை விட்டுப் பார்ப்பதுதான் சுலபம் என்று வீடியோவில் சொன்னான்.

போன வருஷப் போட்டோவில் இரண்டு தூளி இருந்தது. இந்தத் தடவை ஒன்றுதான். நான் எதுவும் கேட்கவில்லை கண்ணு. படுத்தபடியே கையை வெளியே விட்டு நீயே தடவிப் பார்த்துக்கொள்ளலாம். தோள் பக்கம் பார், இடுப்பு பக்கம் பார். இடைவெளி இருக்கக் கூடாது.

இதையெல்லாம் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நம் வீட்டில் தை மாதம் குழந்தைகளுக்குத் தலைக்கு ஊற்றுவதில்லையே, அது உன்னால் வந்தது. எட்டு மாதத்தில் உனக்கு நிமோனியா. காலையில் தலைக்கு ஊற்றியதால்தான் என்று உன் அம்மா கடைசி வரை சொல்லி அழுதாள். காரணம் அது இல்லை. அன்றைக்கு அவள் பாட்டியைப் பார்க்கப் போயிருந்தாள், ராத்திரி நீ என் பொறுப்பு. குழந்தையைக் கட்டிலில் கிடத்துங்கள், தூளியில் அடியில் குளிரும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள். நீ அழுதாய், தூளியில் போட்டேன். மேலே இரண்டு கம்பளி போர்த்தினேன், அடியில் ஒன்றும் வைக்கவில்லை. வெளியே புல்லெல்லாம் உறைபனி. நான் தூங்கிவிட்டேன். விடியும்போது உன் முதுகு சில்லென்று இருந்தது, மூச்சு இழுத்தது. அவள் வருவதற்குள் உன்னைக் கட்டிலில் மாற்றிக் கிடத்தினேன். கேட்டபோது, ராத்திரி முழுக்கக் கட்டிலில்தான் இருந்தாய் என்றேன்.

தூளியாலோ, காய்ச்சல் முன்பே தொற்றியிருந்ததோ, டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இருபத்தாறு வருஷம் அவளை அழவிட்டேன். நீயும் எதையாவது வாய்விட்டுச் சொல்ல முடியாமல் வைத்திருந்தால், கேட்கிறவன் பெரிய ஒழுங்கானவன் இல்லை என்று தெரிந்துகொள்.

சிலிண்டர் வந்துவிட்டது. அத்தைக்கு முட்டிவலி தேவலை. கரடி முந்தாநாள் கீழ்வீட்டு வாசல் வரைக்கும் வந்துபோனது. அங்கேயும் கரடிதான், சாப்பாட்டைத் தூளி பக்கம் வைக்காதே, கேம்ப்பில் இருக்கிற கம்பியில் ஏற்றிவிடு.

புது மெத்தையை முதலில் வீட்டுப் பின்பக்கம் கட்டி ஒரு ராத்திரி படுத்துப் பார். பிறகு மலைக்குப் போ. போவதற்கு முன் எந்த கேம்ப், என்ன நம்பர் என்று அனுப்பு. அங்கே ராத்திரி பத்து என்றால் இங்கே காலை எட்டரை, நான் போனை வைத்துக்கொண்டு திண்ணையில்தான் இருப்பேன்.

அப்பா