தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அக்கா மகளுக்கு அடுத்த மாதம் சர்ச்சில் திடப்படுத்தல் ஆராதனை. மற்றதை அம்மா சொல்லுவாள்.

நீ ரக்பி ஆடுவதில் எனக்கு வருத்தமே இல்லை. நீ படிக்கும் எடின்பரோவில்தானே ஓட்டக்காரர் எரிக் லிடெலும் படித்தார்? 1922, 23-ல் ஸ்காட்லாந்துக்கு ஏழு ஆட்டம் ஆடினார், ஓரத்தில் பந்தோடு பாயும் விங் இடத்தில். உன் வேகத்துக்கும் அந்த இடம்தான் தோது. வ.உ.சி. மைதானத்தில் நீ ஓடியதை இன்றைக்கும் ஆட்கள் நிறுத்தி விசாரிக்கிறார்கள்.

ஆனால் ஒன்று, 1923-லேயே அவர் ரக்பியை விட்டுவிட்டார். அந்தக் கோடையில் 100 கெஜத்தை 9.7 விநாடியில் ஓடியது பிரிட்டனில் பல வருஷம் நின்ற சாதனை. மறு வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில், ஞாயிற்றுக்கிழமை வந்த 100 மீட்டரை ஓய்வுநாள் என்று ஓட மறுத்ததைக் கோயிலில் பல தடவை கேட்டிருப்பாய். அதை விட்டு ஓடிய 400 மீட்டரில் அவருக்குக் கிடைத்தது வெளி லேன். பக்கத்தில் யார் வருகிறான் என்று தெரியாது. முதல் பாதியை நூறு மீட்டர்க்காரன் மாதிரிப் பாய்ந்து, 47.6-ல் தங்கம். தலையை மல்லாத்தி, வாயைப் பிளந்து ஓடுவார். என் மாணவன் அப்படி ஓடியிருந்தால் பிரம்பை எடுத்திருப்பேன்!

ஸ்டோக்கில் 440 கெஜத்தில் இடிபட்டு விழுந்து, எழுந்து ஓடி ஜெயித்தாரே, அதைத்தான் சின்ன வயசில் நீ திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாய். விழுந்தால் எழுந்து ஓடு என்று நானும் சொன்னேன். அது காலுக்குச் சொன்னது தம்பி, தலைக்கு இல்லை.

போன வாரம் வீடியோவில், ஹீட்டர் போட்ட அறைக்குள், கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தாய். அம்மா குளிருக்கு என்று நினைத்துக்கொண்டாள். அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளைக் கோபிக்காதே.

லிடெல் 1945-ல், மிஷனரியாகப் போயிருந்த சீனாவில், ஜப்பான்காரர்களின் வெய்சியன் சிறைமுகாமில் இருந்தார். மனைவி பிள்ளைகள் கனடாவில். தலைவலியை வேலைப்பளு, மனத்தளர்ச்சி என்று நினைத்தார்கள். பிப்ரவரி 21 அன்று மனைவிக்கு எழுதிய கடிதத்திலும் இப்போது தேவலை என்றுதான் எழுதினார். அன்றைக்கே போய்விட்டார், 43 வயசில். மூளையில் கட்டி. அதற்கும் ரக்பிக்கும் சம்பந்தமில்லை, எனக்கே தெரியும். உன்னைப் பயமுறுத்தவும் எழுதவில்லை.

தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே ஆட்டத்தை விட்டு வெளியே வரவேண்டும் என்று ரக்பிக்காரர்களே விதி வைத்திருக்கிறார்கள். வந்தாயா? டாக்டரைப் பார்த்தாயா? நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி போனை நோண்டாமல் தூங்கு. டாக்டரைப் பார். ஸ்கேன் எடுத்தால் ரிப்போர்ட்டை எனக்கு மட்டும் அனுப்பு, அம்மா போனுக்கு வேண்டாம். அவள் பெரியப்பாவை நினைத்துக்கொள்வாள்.

சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போகாதே. போனால், முடிந்ததும் இங்கே நடுராத்திரி ஆனாலும் போன் பண்ணு.

அப்பா