உங்கள் எண்களை நம்பித்தான் பெட்டி அறுத்தேன்: 12 இஞ்ச் சப்வூஃபர் டிரைவர் பற்றிய புகார்

வணக்கம்.

ஜூலைக் கடைசியில் உங்கள் தளத்தில் 12 இஞ்ச் சப்வூஃபர் டிரைவர் (ஆழமான பேஸ் சத்தத்துக்கான ஸ்பீக்கர், பெட்டி இல்லாமல்) ஒன்று ஆர்டர் போட்டேன், விலை 11,800 ரூபாய். ஆடி 18க்கு ஒகேனக்கல் போய்விட்டு வந்த சாயங்காலம் பார்சல் வந்தது. அதன் பிறகு நடந்ததைப் பற்றி இரண்டு முறை போனில் பேசிவிட்டேன், நான்கு மின்னஞ்சல் போட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுத்து முதலிலிருந்து கேட்கிறார். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன். நீளம்தான், ஆனாலும் கடைசி வரை படியுங்கள், குறை எங்கே என்பதை நானே அளந்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய டிரைவர், உங்கள் ஸ்பெக் ஷீட்டில் இருக்கும் டிரைவர் இல்லை. என் புகார் இதுதான்.

நான் இருப்பது தருமபுரி மாவட்டம் பாலக்கோடு. வீட்டு ஹால் 16க்கு 12 அடி. முன்னால் இரண்டு, நடுவில் சென்டர், பின்னால் இரண்டு என்று ஐந்து ஸ்பீக்கரையும் போன வருடம் உங்களிடம்தான் வாங்கினேன். சென்டரும் முன் இரண்டும் ஒரே சீரிஸில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரையில் ஆள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடந்துகொண்டே பேசும்போது குரலே மாறிவிடும் என்று உங்கள் ஆள்தான் சொன்னார். சரியான யோசனை, அப்படியே வாங்கினேன், அந்த ஐந்திலும் ஒரு குறையும் இல்லை. சின்ன 5 இஞ்ச் வூஃபர் என்பதால் ரிசீவரில் ஐந்தையும் ‘ஸ்மால்’ என்று வைத்து 80 ஹெர்ட்ஸில் கிராஸ்ஓவர் (சத்தத்தைப் பிரிக்கும் எல்லை) கொடுத்திருக்கிறேன். அதற்குக் கீழே இருப்பது முழுக்க சப்வூஃபரின் வேலை. அதை மட்டும் நானே செய்வது என்று முடிவு செய்தேன். அந்த விலைக்குள் கடையில் கேட்ட ரெடிமேட் பெட்டிகள் எல்லாம் அட்டையில் பிஎம்பிஓ வாட்டை (கண நேர உச்சத்தைக் காட்டும் விளம்பர எண்) பெரிதாகப் போட்டு, உள்ளே 8 இஞ்ச் வைத்து, ஒரே ஸ்வரத்தில் ‘டும்’ என்று அடிப்பவை.

சப் செய்கிறவனுக்கு டிரைவர் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அதனுடன் வரும் எண்கள். 1961இல் தீல் என்ற பொறியாளர் தொடங்கி வைத்து, எழுபதுகளில் ஸ்மால் என்ற இன்னொரு பொறியாளர் முழுமையாக்கிய கணக்கு அது. இன்றைக்கும் உலகத்தில் எல்லோரும் அதை வைத்துத்தான் பெட்டி போடுகிறார்கள். உங்கள் ஷீட்டில் எஃப்எஸ் (டிரைவர் இயல்பாக அதிரும் அலைவெண்) 24 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதற்கான எண், கூடினால் சத்தம் இழுக்கும்) 0.38, வாஸ் (டிரைவரின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவு) 110 லிட்டர் என்று இருக்கிறது. இதை சீல்டு (காற்றுப் புகாமல் மூடிய) பெட்டிக் கணக்கில் போட்டால் 45 லிட்டருக்கு க்யூடிசி (பெட்டியில் வைத்த பிறகு வரும் அதே க்யூ எண்) 0.7 வரும், பெட்டியோடு சேர்ந்த ரெசொனன்ஸ் (இயல்பாக அதிரும் அலைவெண்) 45 ஹெர்ட்ஸ் வரும். இந்த அளவு அறைக்கு அருமையான கணக்கு. நான் பணம் கொடுத்தது இந்த மூன்று எண்ணுக்குத்தான். கோன் (முன்னால் அதிரும் கூம்பு) பளபளப்பாக இருக்கிறது என்பதற்காக அல்ல.

பெட்டியை எப்படிச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ‘பெட்டி சரியில்லை’ என்று உங்கள் பக்கம் மூன்று முறை பதில் வந்திருக்கிறது. ஐஎஸ் 710 முத்திரை போட்ட 18 எம்எம் மரைன் பிளைவுட். உள்ளளவு 36.5, 36.5, 37.5 சென்டிமீட்டர், அதாவது 50 லிட்டர், அதில் டிரைவரின் பின்பக்கமும் உள்ளே கொடுத்த குறுக்குக் கட்டைகளும் 5 லிட்டரைத் தின்றுவிடும், மிச்சம் 45. முன்பலகை இரண்டு பலகையை ஒட்டி 36 எம்எம். எங்கள் தெரு ஆசாரி நாற்பது வருடமாக நிலைக்கதவு செய்கிறவர், மூலைக்கு மூலை குறுக்களவு பிடித்துப் பார்த்து ஒரு மில்லிமீட்டர் விலகியதற்காக ஒரு பலகையைத் திரும்ப இழைத்தார். மூட்டுக்கு எல்லாம் உள்பக்கமும் பசை. டிரைவர் விளிம்புக்கு ஃபோம் பட்டை. கோனை விரல் நுனியால் மெதுவாக உள்ளே அழுத்திவிட்டால் நிதானமாகத்தான் திரும்பி வருகிறது, காற்று எங்கேயும் ஒழுகவில்லை.

பாட்டுப் போட்ட அன்றைக்கே தெரிந்துவிட்டது. என் அப்பா இளவயதில் கோயில் திருவிழாக்களில் பம்பை அடித்தவர், எங்கள் பக்கத்தில் பம்பை இல்லாமல் திருவிழாவே இல்லை. குச்சி தோலில் பட்டதும் கிளம்புகிற சத்தம் உடனே நின்றுவிட வேண்டும், அடுத்த அடிக்கு இடம் விட வேண்டும். நான் போன வருடம் ஊர்த் திருவிழாவில் பதிவு செய்து வைத்திருந்ததைப் போட்டேன். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ‘ம்ம்ம்’ என்று ஒரு வால் தொங்கியது. அப்பா இரண்டு நிமிடம் கேட்டார், “இது பம்பை இல்லப்பா, குதிருக்குள்ள உட்கார்ந்து அடிக்கிற மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். படத்திலும் அப்படித்தான், ஆண் குரல் எல்லாம் தொண்டை கட்டிய மாதிரி. 30 ஹெர்ட்ஸ் பக்கம் வர வேண்டிய அதிர்வோ காணவே காணோம்.

அறையின் குறையாக இருக்குமோ என்று மூலையிலிருந்து நகர்த்தி நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தேன். மாறவில்லை. அப்புறம்தான் டிரைவரைக் கழற்றி அளந்தேன். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள், ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு, சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), 10 ஓம் ரெசிஸ்டர், இவ்வளவுதான் வேண்டும். இம்பீடன்ஸ் (டிரைவர் காட்டும் மின்தடை) எங்கே உச்சிக்குப் போகிறதோ அதுதான் எஃப்எஸ். உங்கள் 24 ஹெர்ட்ஸில் ஒன்றுமே இல்லை, உச்சி வந்தது 39இல். வாஸ் அளக்க கோனின் மேல் 50 கிராம் களிமண் ஒட்டினேன். அந்த 50 கிராமைத் தெரிந்த நகைக்கடையின் தராசில் நிறுத்து வாங்கி வந்தேன், மளிகைக் கடைத் தராசில் இரண்டு கிராம் முன்பின் வரும் என்பதால்.

இதை முதல் மின்னஞ்சலில் எழுதியதற்கு, “புது டிரைவர், 50 மணி நேரம் ஓட்டுங்கள், இளகிவிடும்” என்று பதில் போட்டீர்கள். ஓட்டினேன். 20 ஹெர்ட்ஸ் டோனைக் குறைந்த சத்தத்தில் வைத்து ஒரு வாரம், பகலில் வீட்டில் யாரும் இல்லாத நேரமெல்லாம். 39 இருந்தது 38 ஆனது. கோனைப் பிடித்திருக்கும் ரப்பரும் ஸ்பைடரும் கொஞ்சம் இளகும்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் 38ஐ 24 ஆக்க எந்த ஓட்டமும் போதாது. இப்போது கையில் இருக்கும் எண்கள்: எஃப்எஸ் 38, க்யூடிஎஸ் 0.74, வாஸ் 66 லிட்டர். இதை 45 லிட்டர் பெட்டியில் போட்டால் க்யூடிசி 1.16, ரெசொனன்ஸ் 60 ஹெர்ட்ஸ் என்று கணக்கு சொல்கிறது. பெட்டிக்குள் வைத்தே அளந்தேன், உச்சி சரியாக 60இல் நிற்கிறது. அப்பா கேட்ட வால் அதுதான்.

அடுத்து “பெட்டியைப் பெரிதாக்குங்கள்” என்றார்கள். சீல்டு பெட்டியில் க்யூடிசி எப்போதும் டிரைவரின் க்யூடிஎஸ்ஸை விடக் கூடத்தான் இருக்கும், பெட்டியைப் பீரோ அளவுக்குச் செய்தாலும் அதற்குக் கீழே இறங்காது. 0.74 உள்ள டிரைவரிலிருந்து 0.7 வரவே வராது. இது சப்வூஃபர் விற்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அரிச்சுவடி.

இன்னொன்று, இதுதான் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது. நான் கேட்டது 4 ஓம் இரட்டை காயில் (கம்பிச் சுருள்). காந்தத்தின் பின்னால் ஸ்டிக்கரிலும் 4+4 என்றுதான் இருக்கிறது. மல்டிமீட்டரில் ஒயரின் 0.2 ஓமைக் கழித்த பிறகு ஒரு காயில் 1.8, இன்னொன்று 1.9. அது 2 ஓம் காயில். அந்த ஸ்டிக்கரின் ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கரின் விளிம்பு மேடாகத் தெரிகிறது. நகத்தால் ஒரு மூலையைத் தூக்கினேன், கீழே வேறு மாடல் எண், பக்கத்தில் ஒரு காரின் படம். மேற்கொண்டு உரிக்கவில்லை, அப்படியே விட்டுப் படம் எடுத்து அனுப்பினேன், மூன்றாவது மின்னஞ்சலில் இருக்கிறது. நான் இரண்டு காயிலையும் சீரீஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கொடுத்ததால் 8 ஓம் வர வேண்டிய இடத்தில் 4 ஓம் வந்தது, என் ஆம்ப் 4 வரை தாங்கும், தப்பித்தது. உங்கள் எண்ணை நம்பி யாராவது பேரலலில் (பக்கம் பக்கமாக) கொடுத்து 2 ஓம் என்று நினைத்திருந்தால் ஆம்புக்கு 1 ஓம் விழுந்திருக்கும், ஆம்ப் எரிந்திருக்கும்.

கடைசியாக வந்த பதில்: “ஸ்க்ரூ போட்ட தடம் இருப்பதால் திரும்ப எடுக்க முடியாது.” சப்வூஃபர் டிரைவரைப் பெட்டியில் ஸ்க்ரூ போடாமல் எப்படிக் கேட்டுப் பார்ப்பது? போனில் பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் வருத்தம் இல்லை, அவருக்கு அந்தப் பதிலை எழுதிக் கொடுத்தவர்கள் மேல்தான்.

எனக்கு வேண்டியது: டிரைவரின் விலை 11,800. பிளைவுட் 3,900, ஆசாரி கூலி 2,500, பசை, ஸ்க்ரூ, பெயிண்ட் 900. ஆக 19,100 ரூபாய். பார்சலை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்று டிரைவர் தருவதானால் அனுப்பும் முன் அந்த ஒரு பீஸையே அளந்து எண்களை எழுதி அனுப்புங்கள், 24, 0.38, 110க்குப் பக்கத்தில் இருந்தால் என் பெட்டி வீணாகாது, அப்போது மரவேலைச் செலவைக் கேட்க மாட்டேன். பணமோ டிரைவரோ எதுவானாலும், இதே லாட்டில் வாங்கிய மற்றவர்களுக்கு காயில் 2 ஓம் என்று இந்த வாரமே தகவல் சொல்லுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

முதல் மின்னஞ்சல் செப்டம்பர் 4, இன்று அக்டோபர் 9. 2020ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிப்படி குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்துவிட்டேன். அக்டோபர் 24க்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. இம்பீடன்ஸ் வரைபடங்கள், ஸ்டிக்கர் படங்கள், பிளைவுட் பில், உங்கள் ஸ்பெக் ஷீட்டின் அன்றைய ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

டிரைவரைத் துணியில் சுற்றி உங்கள் அட்டைப்பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். மேல் ஸ்டிக்கரின் அந்த மூலை மடிந்தபடியே இருக்கிறது. எடுக்க வருபவரைக் காலை ஒன்பது மணிக்குள் அனுப்புங்கள், அதற்குப் பிறகு வீட்டில் அப்பா மட்டும்தான் இருப்பார், அவரால் தூக்கிக் கொடுக்க முடியாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்